பிடித்தம் போக மீதி

இந்த வாரம் தபாலில் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஹைதராபாத் முத்திரை. கேள்விகள் முக்கால்வாசி சம்பளச் சீட்டைப் பற்றி. மற்றவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். சம்பளத்தைவிட முக்கியமான விஷயம் மாதக் கடைசியில் என்ன இருக்கிறது?

கச்சிபௌலி மென்பொருள் தம்பி: பே ஸ்லிப்பில் 'பி.டி.' என்று மாதாமாதம் 200 ரூபாய் போகிறது. யார் எடுக்கிறார்கள்?

தெலங்கானா அரசு. அது தொழில் வரி. மாதச் சம்பளம் 15,000 வரை ஒன்றுமில்லை. 15,001 முதல் 20,000 வரை 150 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 200.

21,000 வாங்கும் வரவேற்பறைப் பெண்ணுக்கும் 200, 21 லட்சம் வாங்கும் உங்கள் பெரிய அதிகாரிக்கும் 200. கேண்டீன் வரிசையில்கூட உங்கள் கம்பெனியில் இவ்வளவு சமத்துவம் கிடையாது.

அமீர்ப்பேட்டை வாசகர்: சம்பளத்தைப் பார்த்துப் போடுவதால் இது மாநில வருமான வரிதானே?

பார்த்தால் அப்படித்தான். அரசியல் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். வருமான வரி மத்தியப் பட்டியலில் 82-வது இனம். மாநிலப் பட்டியலில் விவசாய வருமானம் 46-வது இனம். தொழில், வணிகம், வேலை ஆகியவற்றின் மீதான வரி 60-வது இனம்.

'இதுவும் வருமானத்தின் மேல் விழும் வரிதான், செல்லாது' என்று எவரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று 276-வது பிரிவில் முன்கூட்டியே வேலி கட்டிவிட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் உங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியை யோசித்துவிட்டார்கள், ஐயா.

மாதாப்பூர் வாசகி: ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரி போக முடியாதாமே. மாநிலங்களுக்கு அவ்வளவு தாராள மனசா?

மனசு இல்லை அம்மணி, கடிவாளம். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1939. இன்றைய உத்தரப் பிரதேசமான ஐக்கிய மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி. பெரிய சம்பளக்காரர்கள் மேல் 'வேலை வரி' போட ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் பெரிய சம்பளம் வாங்கியவர்கள் யார்? வெள்ளைக்கார அதிகாரிகள். லண்டனுக்குச் சுருக்கென்றது.

1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் 142ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, இப்படிப்பட்ட வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள்.

சுதந்திரம் வந்தது, கடிவாளம் போகவில்லை. அரசியல் சட்டத்தில் 50 என்பது 250 ஆனது. 1988-ல் 60-வது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதற்குப் பிறகு அந்த எண் அசையவே இல்லை. வெள்ளைக்கார கலெக்டரின் பர்ஸைக் காப்பாற்றப் போட்ட பூட்டு இன்று கோடி ரூபாய் சம்பளக்காரரின் பர்ஸைக் காக்கிறது.

அதே வாசகி: அப்படியானால் உத்தரப் பிரதேசத்தில் இப்போது எவ்வளவு?

பூஜ்யம். சண்டையைத் தொடங்கிய மாநிலத்தில் இன்று தொழில் வரியே இல்லை. டெல்லியிலும் ஹரியானாவிலும் இல்லை.

பேகம்பேட் வங்கி ஊழியர்: 2,500-ஐ உயர்த்தப் போவதாகப் பேச்சு உண்டே?

பேச்சு பல வருஷமாக உண்டு. 14-வது நிதிக்குழு 12,000 ஆக்கலாம் என்றது. 15-வது நிதிக்குழு 18,000 என்றது. பேச்சு மட்டும் 2,500-ஐத் தாண்டிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால்: உயர்த்தட்டும், ஆனால் மேல்தட்டில் மட்டும். 21,000 ரூபாய்க்காரரையும் 21 லட்சக்காரரையும் ஒரே படியில் நிறுத்திவைத்துவிட்டு வரியை ஏழு மடங்காக்கினால் அடி விழுவது கீழே இருப்பவருக்குத்தான்.

குகட்பள்ளி தம்பி: சென்னையில் இருக்கும் அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கிறார்கள். எனக்கு மாதாமாதம். ஏன்?

அக்கா கட்டுவது மாநகராட்சிக்கு. நீங்கள் கட்டுவது மாநிலத்துக்கு. தமிழ்நாட்டில் தொழில் வரி உள்ளாட்சிகளின் சொத்து. அரையாண்டுக் கணக்கு. சென்னையில் உச்சம் 1,250. இரண்டு அரையாண்டு சேர்ந்தால் 2,500, அதாவது கடிவாளத்தின் கடைசிக் கண்ணி வரை.

தெலங்கானாவில் வசூலிப்பது வணிக வரித்துறை. சட்டம் 1987-ல் என்.டி.ராமராவ் ஆட்சியில் ஒன்றுபட்ட ஆந்திரம் போட்டது. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது சட்டமும் கூடவே வந்தது. உங்கள் ஆண்டுக் கணக்கு 2,400. அக்காவைவிட 100 ரூபாய் லாபம்.

ஆனால் அக்காவிடம் ஒன்று இருக்கிறது. தெருவில் சாக்கடை வழிந்தால் வார்டு கவுன்சிலரிடம் போய், 'தொழில் வரி உங்களுக்குத்தானே கட்டினேன்?' என்று நேருக்கு நேர் கேட்கலாம். 100 ரூபாய்க்கு அது மலிவு.

மியாப்பூர் வாசகர்: பெங்களூரு நண்பனுக்குப் பிப்ரவரியில் மட்டும் 300 பிடித்தார்களாம். பிப்ரவரி மேல் என்ன கோபம்?

கோபம் இல்லை, கூட்டல். பதினோரு மாதம் 200, ஒரு மாதம் 300, மொத்தம் 2,500. மகாராஷ்டிரம் இப்படித்தான் செய்கிறது. கர்நாடகம் 2025 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. நாள் குறைந்த மாதத்தில் வரி கூடிய மாதம்!

அந்த நண்பரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அங்கே 25,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குபவருக்கு 2023 ஏப்ரல் முதல் தொழில் வரியே கிடையாது. தெலங்கானா காப்பியடிக்க வேண்டியது அதை.

மல்காஜ்கிரி வாசகி: பெண்களுக்குத் தனிச் சலுகை?

தெலங்கானாவில் இல்லை. மகாராஷ்டிரத்தில் மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்குத் தொழில் வரி இல்லை. வருமான வரியிலும் ஒருகாலத்தில் பெண்களுக்கு உச்சவரம்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 2012-ல் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். கொடுக்கும்போது மேடை, எடுக்கும்போது அடிக்குறிப்பு.

பதன்செரு, தொழிற்சாலைக் காவலாளி ஒருவருக்காக அவர் மகள் எழுதியது: அப்பாவுக்கு மொத்தச் சம்பளம் 14,000. ஒப்பந்தக்காரர் 'தொழில் வரி' என்று 150 பிடிக்கிறார். சரியா?

தப்பு. ஒரு சதவீதம்கூட சரியில்லை. 15,000 வரை தெலங்கானாவில் தொழில் வரி கிடையாது. அந்த 150 ரூபாய் அரசுக்குப் போக வழியே இல்லை. போகாத பணம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மாதம் 150 என்றால் ஆண்டுக்கு 1,800. அதே கேட்டில் எத்தனை காவலாளிகள்? எத்தனை துப்புரவுப் பெண்கள்? பெருக்கிப் பாருங்கள், வயிறு எரியும்.

சம்பளச் சீட்டுகளை எடுத்துவையுங்கள். ஒப்பந்தக்காரரிடம் தொழில் வரிப் பதிவு எண்ணையும் கட்டிய ரசீதையும் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தொழிற்சாலை நிர்வாகத்திடமே போங்கள். பிறகு தொழிலாளர் துறை இருக்கிறது. அப்பா தனியாகப் போக வேண்டாம். பத்துப் பேராகப் போகட்டும். இந்தப் பக்கத்தையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆபிட்ஸ் கடைக்காரர்: நிஜாம் காலத்தில் வருமான வரி இருந்ததா?

இருந்தது. அதுதான் அசல் மாநில வருமான வரி! ஹைதராபாத் வருமான வரிச் சட்டம், 1357 ஃபசலி. நம் காலண்டரில் 1947-48. ஹைதராபாத்துக்குத் தனி நாணயம், தனி ரயில், தனித் தபால். வரி மட்டும் இரவலா வாங்குவார்கள்?

இந்தியாவோடு சேர்ந்த பிறகு 1950 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமான வரி இங்கேயும் வந்தது. பழைய சட்டத்தில் கழித்த தேய்மானம் புதிய சட்டத்தில் எப்படிக் கணக்காகும் என்று திவான் பகதூர் ராம்கோபால் மில்ஸ் விஷயத்தில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ராஜ்யம் முடிந்தாலும் கணக்கு முடியாது.

அவரே: நிஜாம் வரி கட்டினாரா?

1950-ல் அவருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியம் முடிவானது. அரசியல் சட்டம் 291-வது பிரிவின்படி அதற்கு வருமான வரி கிடையாது. உலகின் பெரும் பணக்காரர் என்று பெயர் வாங்கியவருக்கு வரியில்லாச் சம்பளம். அவர் அரண்மனை குமாஸ்தாவுக்கு வரி. 1971-ல் 26-வது திருத்தம் மானியத்தையே எடுத்துவிட்டது. கடைசி நிஜாம் அதைப் பார்க்கவில்லை, 1967-லேயே போய்விட்டார்.

செகந்தராபாத் ஓய்வுபெற்ற ஆசிரியர்: இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்த புண்ணியவான் யார்?

ஜேம்ஸ் வில்சன். லண்டனில் 'எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. நிரப்ப வந்தார். 1860 ஜூலை 24 முதல் வரி. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்கு மேல் போனால் வலை. அன்று வருஷ வருமானத்துக்கு இருந்த வரம்பு, இன்று நம் ஊரில் ஒரு மாதத் தொழில் வரி!

எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? நம் சென்னை கவர்னர், சார்லஸ் டிரெவெல்யான். கிளர்ச்சியில் சேராத மதராஸ் எதற்கு அதன் செலவைச் சுமக்க வேண்டும், வரியைவிடச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் கட்சி. வாதத்தை ரகசியக் கோப்பில் வைக்காமல் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். லண்டன் சும்மா இருக்குமா? பதவியைப் பறித்துத் திரும்ப அழைத்தது.

வில்சனோ அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் சீதபேதியில் இறந்துபோனார். வரி பிறந்து மாதம்கூட ஆகவில்லை.

கதை முடியவில்லை, ஐயா. இரண்டு வருஷத்தில் டிரெவெல்யான் கல்கத்தாவுக்குத் திரும்பினார். எந்தப் பதவியில்? நிதி உறுப்பினராக! 1865-ல் அவர் கண் முன்னே வருமான வரி காலாவதியானது. பிறகு அது வேறு வேறு பெயரில் திரும்பி வந்து, 1886-ல் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் ஒரு சென்னை கவர்னர் வருமான வரியை வழியனுப்பி வைத்தார் என்பது நம் பக்கம் இருக்கட்டும்.

ஹைடெக் சிட்டி வாசகி: என் கம்பெனி வரியை எந்தக் கணக்கில் பிடிக்கிறது? ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தொகை!

ஏப்ரலில் உட்கார்ந்து உங்கள் முழு ஆண்டுச் சம்பளத்தை ஊகிக்கிறார்கள். அதற்கான வரியைப் பன்னிரண்டால் வகுக்கிறார்கள். நடுவில் போனஸ் வந்தால் ஊகம் மாறும். மீதி மாதங்களில் பிடித்தம் ஏறும். நீங்கள் சேமிப்புக் காட்டுவதாகச் சொன்னால் இறங்கும். ஜனவரியில் ஆதாரம் காட்டவில்லை என்றால் மூன்று மாதச் சம்பளத்தில் ஒன்பது மாதப் பாக்கி வரியும் சேர்ந்து இறங்கும்.

ஊகம் அவர்களுடையது, தகவல் உங்களுடையது. ஏப்ரலில் அரை மணி நேரம் ஹெச்.ஆர். படிவத்தில் செலவழித்தால் மார்ச்சில் அழ வேண்டாம்.

கோண்டாபூர் தம்பி: அக்டோபரில் கம்பெனி மாறினேன். இரண்டு கம்பெனியும் ஒரு பைசா பிடிக்கவில்லை. நான் அதிர்ஷ்டசாலிதானே?

ஜூலையில் ஆடிட்டரைப் பார்க்கும் வரை.

பழைய கம்பெனி மாதம் ஒரு லட்சம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 லட்சம் என்று ஊகித்தது, வரி பூஜ்யம். புதிய கம்பெனி மாதம் ஒன்றரை லட்சம். ஆறு மாதத்துக்கு 9 லட்சம்தானே என்றது, வரி பூஜ்யம். இரண்டும் தனித்தனியே சரி. உங்கள் உண்மைக் கணக்கு? 6 லட்சமும் 9 லட்சமும் சேர்ந்து 15 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 14.25 லட்சம். புதிய முறையில் வரி 93,750; செஸ் 3,750. மொத்தம் 97,500 ரூபாய். மேலே வட்டி.

பழைய கம்பெனிச் சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குத் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. பழைய விதிகளில் 12பி என்று பெயர். சேர்ந்த நாளில் லேப்டாப் பை, தண்ணீர் பாட்டில், டீ ஷர்ட் எல்லாம் கேட்டு வாங்கினீர்கள். இதையும் கேட்டிருக்கலாம்.

எல்.பி.நகர் வாசகர்: 12.75 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்கள். 12.85 ஆனால் மொத்தமாக மாட்டிக்கொள்வேனா?

மாட்டீர்கள். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி; சம்பளக்காரருக்கு 75,000 கழிவு சேர்த்து 12.75. நீங்கள் 12.85 வாங்கினால் வரிக்குரியது 12.10 லட்சம். படிக்கட்டுக் கணக்கில் 61,500 வரும். ஆனால் கூடுதலாகச் சம்பாதித்தது 10,000 தானே? வரியும் 10,000-க்கு மேல் போகாது, செஸ் தனி.

சம்பள உயர்வைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மேலாளர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

நாம்பள்ளி ஊழியர்: புதிய முறையில் தொழில் வரியைக் கழித்துக்கொள்ளலாமா?

முடியாது. பழைய முறையில் முடியும். இது எனக்குப் பிடிக்காத விஷயம், உரக்கவே சொல்கிறேன். 2,400 ரூபாயை மாநிலம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கைக்கு வராத அந்தப் பணத்துக்கும் மத்திய அரசு வரி கேட்கிறது. 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சுமார் 750 ரூபாய். தொகை சின்னது. நியாயம் சின்னதல்ல.

மணிகொண்டா வாசகி: சென்னையில் இருந்தபோது வீட்டு வாடகைப் படிக்கு அதிகக் கழிவு. ஹைதராபாத் வந்ததும் குறைந்துவிட்டது. வாடகை இங்கே குறைவா என்ன?

வாடகை குறையவில்லை, விதி வயதாகிவிட்டது. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1962-ம் ஆண்டு விதிகளில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற வரம்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்குக்கும்தான் இருந்தது. மற்ற ஊருக்கெல்லாம் 40. அடிப்படை 50,000 என்றால் சென்னையில் வரம்பு 25,000, இங்கே 20,000.

அந்த விதிக்கு கச்சிபௌலி கடைசி வரை பாறையும் புதரும்தான். அதைப் பார்த்து வாடகையைக் குறைக்கும் வீட்டுக்காரர் யாராவது இருந்தால் முகவரி அனுப்புங்கள்.

கோகாபேட் தம்பி: என் வாடகை 55,000. என்னிடமும் யாராவது பிடிப்பார்களா?

இல்லை, நீங்கள் பிடிக்க வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடியிருப்பவர் 2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் 5 சதவீதமாக இருந்தது. இதுநாள்வரை பிடிபட்டவர் நீங்கள், இப்போது பிடிப்பவர். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தண்ணீர் நின்றுவிடப் போகிறது.

திருமுல்கெரி வாசகர்: வாடகை ரசீதை நானே எழுதிக்கொண்டால் என்ன?

கையெழுத்து உங்களுடையது, பேன் எண் யாருடையது? ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பேன் கேட்பார்கள். அவர் கணக்கில் அந்த வருமானம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அப்பா வீட்டில் இருந்துகொண்டு அவருக்கு உண்மையாகவே வாடகை கொடுக்கலாம். அது சட்டப்படி சரி. கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பாலாநகர் வாசகர்: கம்பெனி என் சம்பளத்தில் வரி பிடித்தது, அரசுக்குக் கட்டவில்லை. நான் மறுபடி கட்ட வேண்டுமா?

வேண்டாம். பிடித்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. கம்பெனிக்கோ மாதம் ஒன்றரை சதவீத வட்டி. வழக்கும் சிறையும்கூட சட்டத்தில் உண்டு.

ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, இரண்டையும் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக் கணக்கைத் திறந்து, பிடித்தது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் அதே போனில் தெரியும்.

உப்பல் வாசகி: ரீஃபண்டுக்கு அரசு வட்டி தருமா?

தரும். மாதம் அரை சதவீதம். முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரியை நீங்கள் கட்டாமல் விட்டால் கேட்பது மாதம் ஒரு சதவீதம். தராசு ஒன்றுதான், படிக்கல் இரண்டு.

தார்நாகா மாணவர்: மாதாமாதம் பிடிக்கும் யோசனை யாருடையது?

உலகப் போர் நடந்தபோது அமெரிக்காவில் 1943-லும் பிரிட்டனில் 1944-லும் இது பெரிய அளவில் வந்தது. அமெரிக்கத் திட்டத்தில் நிதித்துறையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், மில்டன் ஃப்ரீட்மன். பின்னால் 'அரசைச் சுருக்கு' என்று உலகம் முழுக்க முழங்கியவர். அதை நினைத்துப் பிற்காலத்தில் வருந்தினார்.

நாம் இதில் அவர்களுக்கு முன்னோடி. சம்பளத்தில் பிடிக்கும் ஏற்பாடு நம் 1922-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

மாரேட்பள்ளி தாய்: பெரியவள் டெக்ஸாசில், சின்னவள் நியூ ஜெர்சியில். ஒரே சம்பளம். பெரியவள் கையில் மட்டும் கூடுதல்!

டெக்ஸாசில் மாநில வருமான வரி இல்லை. நியூ ஜெர்சியில் உண்டு. கம்பெனியே மத்திய வரியோடு சேர்த்துப் பிடித்துவிடும். சின்னவள் ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் வேலைக்குப் போனால் நியூயார்க் மாநிலமும் கேட்கும். பிறகு நியூ ஜெர்சி அதற்கு வரவு கொடுக்கும்.

பெரியவளை ரொம்பக் கொஞ்ச வேண்டாம். டெக்ஸாஸ் வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

இலங்கை, வெள்ளவத்தை வாசகர்: எங்களிடமும் மாதாமாதம் பிடிக்கிறார்களே?

2020 ஜனவரியில் உங்கள் அரசு சம்பளப் பிடித்தத்தை நீக்கியது; கைதட்டல் கேட்டது. 2022-ல் நாடு கடனில் மூழ்கியது. 2023 ஜனவரியில் பிடித்தம் கட்டாயமாகத் திரும்பி வந்தது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபாய் வரை விலக்கு; அதற்கு மேல் 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை. அன்று கைதட்டியவர்களுக்கு மிச்சமானதையும், பிறகு பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் இழந்ததையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

நிஜாம்பேட்டை பிரம்மச்சாரி: சிக்கிம்காரருக்கு வருமான வரி இல்லையாமே. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டால்?

அவருக்கு விலக்கு தொடரும். வெளியூர்க்காரரை மணந்த சிக்கிம் பெண்ணுக்குச் சலுகை இல்லை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அடித்துவிட்டது. உங்களுக்கு விலக்கு கிடையாது. வரி கட்டும் மாப்பிள்ளை என்ற பெருமையோடு பெண் கேளுங்கள்.

மொயினாபாத் பண்ணை வீட்டுக்காரர்: விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதானே?

மத்திய வருமான வரி நேரடியாக இல்லை. அது மாநிலங்களின் உரிமை. குன்னூர்த் தேயிலையைப் பாருங்கள்: விளைவித்துத் தயாரித்து விற்கும் லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் மத்திய வருமான வரிக்கு என்று விதியே பிரித்துவைத்திருக்கிறது.

நீங்கள் கேட்பது நாலு மாமரத்தைப் பற்றி என்று தெரிகிறது. சனி, ஞாயிறு மட்டும் விவசாயம் செய்து ஒரு மரத்துக்கு லட்ச ரூபாய் பழம் விற்றதாகக் கணக்கு எழுதாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து உண்மையான விவசாயிக்கு அந்த ரகசியம் தெரியாமல்தான் கடனில் நிற்கிறார்.

சைனிக்புரி வாசகர்: நான் கட்டும் வருமான வரியில் தெலங்கானாவுக்கு ஏதாவது வருமா?

வரும். பகிரக்கூடிய மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15-வது நிதிக்குழு சொன்னது. அந்தப் பங்கில் 2021-26 காலத்தில் தெலங்கானாவுக்கு 2.102 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079 இருந்தது. ஆனால் உங்கள் வரியின் மேல் 4 சதவீத செஸ் விழுகிறதே, அதிலிருந்து ஒரு காசும் பங்கில்லை. சர்சார்ஜும் அப்படியே. 'கல்வி, சுகாதார செஸ்' என்று பெயர். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் பெருமளவு நடத்துவதோ மாநிலம்.

ராமந்தபூர் வாசகி: புதிய வருமான வரிச் சட்டத்தால் பிடித்தம் குறையுமா?

2025-ம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைக் குழப்பம் போய் ஒரே 'வரி ஆண்டு'. சம்பளப் பிடித்தம் 192-வது பிரிவிலிருந்து 392-க்குப் போனது. பிரிவு எண்ணில் 200 ஏறியது, கையில் ஏறவில்லை.

வனஸ்தலிபுரம் வாசகர்: பி.எஃப்.கூட வரிதானா? அதுவும் பிடிக்கிறார்களே.

அது உங்கள் பணம். நீங்கள் 12 சதவீதம் போட்டால் முதலாளியும் 12 போட வேண்டும். வரியைத் திட்டும் வேகத்தில் அதையும் திட்டிவிடாதீர்கள்.

தார்நாகா ரயில்வே ஊழியர்: மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். பென்ஷனிலும் அந்த 200 போகுமா?

போகாது. வேலை முடிந்தால் வேலைக்கான வரியும் முடிந்தது. வருமான வரிதான் விடாது. அதன் கண்ணுக்குப் பென்ஷனும் சம்பளம். பிடிப்பவர் மட்டும் ஆபீசிலிருந்து வங்கிக்கு மாறுவார். மிச்சமாகும் 200-ஐப் பேரன் கையில் கொடுங்கள். உஸ்மானியா பிஸ்கட்டாக முழுசாக வந்து சேரும், பிடித்தம் இல்லாமல்.